பிறந்தநாள் சாக்லேட்

பிளவ்திவ், பல்கேரியா
செவ்வாய் மாலை

அம்மா,

ஏதென்ஸிலிருந்து பஸ் டிரைவரிடம் நீ கொடுத்தனுப்பிய சாக்லேட் பெட்டி, ஒன்று மட்டும் குறைய, அப்படியே இருக்கிறது.

நேற்று தங்கை ரலிட்சாவுக்குப் பத்து வயது. பிறந்தநாள்காரிதானே வகுப்புக்கே இனிப்பு நீட்ட வேண்டும்? ஆனால் போட்டி வருகிறதென்று பயிற்சியாளர் ஸ்தோயனோவா அவளைப் பள்ளிக்கே விடவில்லை. பாவம், பெட்டியை ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

அந்த அம்மாள் அதை எடை மெஷினில் வைத்தார். "பாருங்கடி, உங்களையெல்லாம் குண்டாக்கப் பாக்குறா! எவளாவது தொட்டீங்க, போட்டிக்கு வராதீங்க."

ஒருத்தியும் எடுக்கவில்லை, ஒருத்தியும் வாழ்த்தவில்லை.

இப்போது பள்ளியையே நிறுத்தச் சொல்கிறார். நீயும் ஃபோனில் சரி என்றாயாமே! பதக்கம் வாங்கும் பெண்ணுக்கு வகுப்பும் தோழிகளும் வேண்டாமா?

நேற்று வீட்டில் ரலிட்சா என்னிடம் பெட்டியை நீட்டினாள். நான் ஒன்று எடுத்து வாழ்த்தினேன். "நானும் ஒண்ணு தின்னா மேடத்துக்குத் தெரிஞ்சிடுமாக்கா?" என்று கேட்டாள்.

இந்தக் கடிதத்தை அதே டிரைவரிடம் கொடுக்கிறேன். நாளை உனக்குக் கிடைத்துவிடும். வியாழக்கிழமை காலை, பெட்டியோடு அவளைப் பள்ளிக்குத்தான் அழைத்துப் போகப் போகிறேன். ஸ்தோயனோவா உடனே உனக்கு ஃபோன் செய்வார். யார் பக்கம் பேசுவாய் என்று அதற்குள் யோசித்து வை.

கோபத்தோடு,
உன் மூத்தவள்