இன்னொரு சுற்று டீ

இன்று காலை அந்தத் தகர டப்பாவைத் திறந்தேன். விடுமுறைக்கு வந்தபோது நீ கொண்டுவந்து கொடுத்த ஏலக்காய் டீ. தூள் தீர்ந்து வெகுநாளாகிறது, வாசனை மட்டும் இன்னும் குப்பென்று வருகிறது. நேற்று என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷமானாலும், என் சிநேகிதி உன்னிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உனக்குத் தூதரக வேலை கிடைத்தபோது செவிலிமேட்டில் நம் தெருவே வாயைப் பிளந்தது. நீயோ, "ஒண்ணும் இல்லடி, அறிக்கை எழுதற வேலை. ஆழ்ந்த கவலை கொள்கிறோம்னு எழுதணும். கவலைப்படறதுக்கு எனக்குச் சம்பளம்" என்று சிரித்தாய். சண்டை ஓயாத அந்த மலைநாட்டுக்குப் போனபின் அந்தச் சிரிப்பு குறைந்தது. அங்கே பெண்பிள்ளைகளின் பள்ளிகளைப் பூட்டினார்கள். வேலைக்குப் போன பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லா நாட்டுத் தூதர்களும் கவலை தெரிவித்தார்கள். எழுதி எழுதி அலுத்துப்போய் ஒருநாள் போனில் அழுதாய்.

அடுத்த முறை போன் வந்தபோது உன் குரலே வேறு. மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவம் பார்க்கும் பெண்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து அனுப்புவது பற்றிப் பேச அந்த ஊர்த் தளபதிகள் உன் தூதரகத்துக்கு வந்தார்கள், அத்தனை பேரும் ஆண்கள். நீ அழைத்திருந்த மருத்துவச்சிகள் இருவரை அவர்களுடைய ஆட்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நீ இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவரச் சொல்லி மேசையருகே போட்டாய். ஃபைலைத் திறக்கவே இல்லை. டீ சொன்னாய். குடித்து முடித்ததும் இன்னொரு சுற்று டீ. உன் மேலதிகாரி மேசைக்கடியில் உன் காலை மிதித்தாராம்.

"என்ன தாமதம்?" என்று அவர்களில் மூத்த தளபதி கேட்டார். ஐயம்பேட்டையில் உன் நிச்சயத்தன்று உன் அம்மா தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னதையே நீயும் சொன்னாய்: "பொம்பளைங்க வந்து உட்காரட்டும்பா. அப்பால தட்டு மாத்திக்கலாம்." மொழிபெயர்ப்பாளர் திணறித் திணறிச் சொல்லி முடித்ததும், தளபதி தாடியைத் தடவிக்கொண்டு, தன் ஊர் நிச்சயத்திலும் அப்படித்தான் என்றார். மருத்துவச்சிகள் உள்ளே வந்தார்கள். பேசினார்கள். அந்த ஆஸ்பத்திரியில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார்கள். நாடு மாறிவிடவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் "முதல் கொழந்த பொறந்துச்சுடி! பொண்ணு!" என்று நீ போனில் கத்தியது என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

நேற்று நம் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டோடு நின்ற என்னைத் தவிர பெண்கள் எல்லோரும் உள்ளறையில். தட்டு மாற்றப் போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, "கல்யாணத்துக்கு அப்பால பொண்ணு வேலைக்குப் போவாது. பேசிக்கினோம்ல?" என்றார். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். ஒரகடம் கம்பெனியில் வேலை கிடைத்த அன்று என் மகள் குதித்த குதி எனக்கு நினைவுக்கு வந்தது. தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் இன்னொரு சுற்று டீ கொண்டாங்க. நாற்காலியும் கொண்டாங்க" என்றேன்.

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். "நான் வேலைய விட மாட்டேன் மாமா" என்றாள் மகள், குரல் நடுங்கத்தான். மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று, "நான் இன்னிக்கும் தறியில உட்கார்ந்துக்கினுதான் இருக்கேன். என் மருமவ மட்டும் எதுக்கு விடணும்?" என்றார். பெரியப்பா டீயை ஊதி ஊதிக் குடித்தார். அவ்வளவுதான், முடிந்தது. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.

ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்ததைப் பார்த்துச் சம்பந்தியம்மா, "இது யாருக்குமா?" என்று கேட்டார். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். தளபதி, தாடி, மேசைக்கடியில் மிதிபட்ட கால் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்களுக்கும் ஒரு டீ வைமா" என்றார்.

வைத்தேன். அதன் பிறகுதான் தட்டு மாற்றினோம்.