அக்காவின் முறைப்பு

தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தை என் பேத்தி போனில் காட்டினாள். உன்னோடு வாய் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா வரைந்த நம் பெரியக்கா படத்தில் கிழிசலை ஒட்டி வாங்கத்தானே உன்னிடம் கொடுத்தேன்? "ஏன் உம்முனு இருக்கா, சிரிச்ச மாதிரி பண்ணிடுங்க"ன்னு பெயிண்டரிடம் சொன்னாயாமே. உன்னை யார் கேட்டது? நீ பிறக்கும் முன்பே இறந்துபோனவள் அவள். அவள் முகம் உனக்கு என்ன தெரியும்?

அப்பா கூலிக்கு வரைந்த பெரிய வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். இவளை உட்கார வைத்தபோது நான் ஜன்னலில் நின்று பழிப்புக் காட்டினேன். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு என்னை முறைத்தாள். அம்மா, "கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க" என்றாள். "எனக்கு இந்த மூஞ்சிதான் வேணும்" என்று அப்பா அந்த முறைப்பையே வரைந்தார். அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு படம்தான். அதில் இப்போது எவளோ பல்லைக் காட்டுகிறாள்.

பெயிண்டருக்கு நானே போன் போட்டேன். சாயம் இறுகுவதற்குள் துடைத்தால் பழைய முகம் வந்துவிடுமாம். உடனே போ. உன் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கதை விடாதே. துடைத்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்.

அவள் உன்னை முறைப்பாள். முறைக்கட்டும். வெளியாட்களை அவள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். வீட்டு ஆட்களைத்தான் முறைப்பாள்.

கோபம் தீராத
உன் சின்னக்கா