காதால் கேட்கிற வழி

பாப்பா,

இன்றைக்குக் காலையில் நகரியிலிருந்து ஒரு நெசவுக்கார அம்மா வந்தாள். பாவுக்குப் போடும் கஞ்சி வாசனை அவள் புடவையில். நகரி போய் வரும் நாளெல்லாம் உன் புடவையிலும் இதே வாசனைதான்.

"திருப்பதியில படிக்கிற அம்மா இருக்காங்களா? பாதியில விட்டுட்டேன், மீதியச் சொல்லணும்."

நீ போய்விட்டது அவளுக்குத் தெரியாது.

என் பொண்ணு ஆராய்ச்சி பண்றா என்று சித்தூர் முழுக்கச் சொல்லிக்கினு திரிந்தவள் நான். நீயோ சேர்ந்த புதிதில், பஸ் இறங்கி வந்து ஒரு வாய் துன்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். பெண்கள் டி.பி. மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். தாளில் எழுதிப் போய்க் கேட்டால் எல்லாரும் "மறந்துட்டேன்" என்றார்கள். கூட்டமாக உட்கார வைத்தால், "எங்க தெருவுல அந்த நோயே இல்ல" என்று சிரித்தார்கள். எந்த வழியில் செய்வாய் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் ப்ரொபசர் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்.

"நேராப் போய்க் கேளேண்டி" என்றேன்.

"நீயும் ஆரம்பிச்சுட்டியாமா? அடுகுதாவா, விண்டாவான்னு அவரு தெலுங்குல கேக்குறாரு. வாயால கேக்குறதா, காதால கேக்குறதா? நம்ம தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைய வச்சுக்கினு என் உயிர வாங்குறீங்க."

சொல்லிவிட்டு நீயே எழுந்து உட்கார்ந்தாய். "காதால" என்றாய் மெதுவாக.

நாலைந்து பேர் பேச்சைக் கேட்டால் அது ஆராய்ச்சியா என்று அவர் சீறினாராம். ஒவ்வொருத்தியும் தானாக முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன் என்று விடாப்பிடியாக நின்று சம்மதிக்க வைத்தாய். முடிக்க மஞ்சள்காமாலை உன்னை விடவில்லை.

சேதி கேட்டு அந்த அம்மா அழுதாள். பிறகு அவளாகவே பேசினாள். மாத்திரையைத் தறிக்குழியில் ஒளித்து வைத்திருந்தாளாம். நெய்ய உட்கார்ந்த புருஷன் காலில் அது தட்டுப்பட்டது. நோய் தெரிந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவான் என்று பயந்து, "தலைவலி மாத்திரைதான்" என்று அவன் எதிரிலேயே சாக்கடையில் வீசினாளாம். அதோடு நிறுத்தியதுதான்.

உள்ளிருந்து உன் மகள், "ஆயா, யாரு இருமுறாங்க?" என்றாள்.

போகும்போது அந்த அம்மா கேட்டாள்: "இனிமே மாத்திரைய துன்னா நோய் கேக்குமா, இல்ல நேரம் போயிடுச்சா?"

நான் அஞ்சாவது படித்தவள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். புருஷனிடம் என்ன சொல்லிவிட்டு வருவாள், வருவாளா, தெரியவில்லை. அவள் சொன்னதெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் என்னிடம் இருக்கிறது பாப்பா. வாங்கிக்கொள்ள நீ இல்லை.