வாயைக் கட்டிய நாட்கள்

மார்ச் 3, திங்கள்

இன்றிலிருந்து எனக்குப் பத்தியம். இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. சர்க்கரை போடாத டீதான், ஆறினால் நஷ்டமில்லை.

விஷயம் இதுதான். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் முழுக்கப் பால் கலந்த தண்ணீர். வலது கண்ணிலும் படர ஆரம்பித்துவிட்டது. அறுவை செய்தால் சரியாகுமாம். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது தொட மாட்டேன் என்கிறார் கண் டாக்டர். "மாத்திரை மட்டும் போதாது. வாயைக் கட்டுங்க. சர்க்கரை இறங்கட்டும், தேதி குடுக்கறேன்."

எனக்கு எழுபத்தொரு வயது. போன வருஷம்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்தேன். இப்போது யாரையும் கேட்காமல் போர்டைப் படித்து பஸ் ஏறுகிறேன். கடைகளின் பெயரைப் படித்துக்கொண்டே நடப்பதால் வீட்டுக்கு வர நேரமாகிறது. இவ்வளவு தாமதமாக வந்த எழுத்து, வந்த வழியே போய்விடக் கூடாது. ஆகவே வாயைக் கட்டத்தான் வேண்டும்.

இந்த நோட்டை நானே போய் வாங்கினேன். கோடு போட்டது கேட்டேன். கடைக்காரர் வெறும் தாளைக் கொடுத்துவிட்டார். வகுப்பு நோட்டில் டீச்சரம்மா பேனாவால் தடியாகக் கோடு போட்டுத் தருவார். இதில் உத்தேசமாகத்தான் போகிறேன்.

மார்ச் 4

தட்டில் வேகவைத்த காய், கொஞ்சம் பயறு, ஒரு முட்டை. ரொட்டி இல்லை.

"என்ன இது, முயலுக்கு வெச்சதா?" என்றேன்.

"எந்த முயலாவது சர்க்கரை வியாதின்னு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா?" என்றாள் என் மனைவி.

முயல் மாதிரியே மென்று தின்றேன்.

மார்ச் 5

பசிகூடப் பரவாயில்லை. தெம்பு இல்லை. கால் இரண்டும் ஊறப்போட்ட துணி மாதிரி கனக்கின்றன. பேனாவும் கனக்கிறது. இன்று இவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

நான் ரொட்டி சுடுகிறவன். மீசை முளைப்பதற்கு முன்பே அடுப்புக்கு வந்துவிட்டேன். இப்போது பேக்கரியை என் மகளின் கணவர் நடத்துகிறார். விடியலிலிருந்து மதியம் வரை அடுப்பு என் பொறுப்பு.

இன்று தட்டைக் கீழே போட்டேன். முழுத் தட்டு பன்.

சர்க்கரை சீக்கிரம் இறங்கட்டுமே என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனேன். அடுப்புக் கதவைத் திறந்ததும் தலை சுற்றியது. பன் எல்லாம் தரையில் உருண்டன. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"மாமா, கொஞ்ச நாள் வீட்ல இருங்க. அடுப்புல விழுந்து வெச்சீங்கன்னா உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும்... வீட்ல இருந்து நான் என்ன பண்றது? சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கறதா? அந்தச் சுவரும் எனக்குச் சரியாத் தெரியாதே. அடுப்பும் இல்ல, கண்ணும் இல்லன்னா நான் யாரு?

மார்ச் 8, சனி

ஆஸ்பத்திரி நர்ஸ் நன்றாகத் திட்டினாள். பேத்தி வயதுதான் இருக்கும். திட்டு மட்டும் மாமியார் தரம்.

"மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா மயக்கம் வராம மாலையா வரும்? குறைச்சுச் சாப்பிடச் சொன்னாங்க. பட்டினி கிடக்கச் சொன்னாங்களா?"

இல்லை என்றேன்.

பிறகு குரலை இறக்கி விளக்கமாகச் சொன்னாள். இத்தனை வருஷம் இனிப்பிலேயே ஓடின உடம்பு, அது கிடைக்காததால் முரண்டு பிடிக்கிறதாம். முதல் இரண்டு வாரம் அப்படித்தான் சோர்வாக இருக்கும். நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மதியம் சிறிது படுக்கலாம். சாயங்காலம் மெதுவாக நடக்க வேண்டும். அடுப்புக்குப் போகலாமா என்று கேட்டேன். "உக்காந்து செய்யறதா இருந்தா போங்க."

மாப்பிள்ளையிடம் சொன்னேன். உடனே போய் உயரமான ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் போட்டார். ராஜா மாதிரி உட்கார்ந்து வேலை செய்தேன்.

மார்ச் 10

வகுப்பில் தூங்கிவிட்டேன். விழித்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா சொன்னார்: "ஐயா, உங்க குறட்டையை போர்டுல எழுதச் சொன்னேன். ஒருத்தருக்கும் எழுத்துக்கூட்டத் தெரியல."

நானும் சிரித்தேன். சிரிக்கவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

மார்ச் 11

வெள்ளரிக்காய். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 13, வியாழன்

ஒன்று கவனித்தேன். அடுப்பு முன்னால் இருக்கும்வரை தெம்பாகவே இருக்கிறேன். நெட்டையனோடு வம்பளக்கிறேன், பாட்டுக்கூட வருகிறது. (நெட்டையன் எங்களிடம் மாவு பிசைகிறவன். நிலைப்படியில் குனியாமல் நுழைந்ததே இல்லை.) வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் காற்றுப்போன டியூப் மாதிரி ஆகிவிடுகிறேன். கடை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை இந்த ஏற்ற இறக்கம் இல்லை, நாள் முழுவதும் ஒரே சோர்வு. வேலைதான் எனக்கு மருந்து போலிருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

சர்க்கரை இறங்கவில்லை.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பத்தியம் இருக்கீங்களா பெரியவரே?" இருக்கிறேன் என்றேன். "அப்ப இது இறங்கியிருக்கணுமே" என்றார். தேதி தரவில்லை. ஏப்ரலில் பார்க்கலாமாம்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஆரம்பித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. ஒளிச்சு வெச்சுத் திங்கறீங்களா?"

"உன் மேல சத்தியமா இல்ல."

"என் மேல எதுக்கு? உங்க கண்ணு மேல பண்ணுங்க."

பண்ணினேன். ஒரு துண்டு கேக்குகூட நான் தின்னல. எத்தனை நாளா பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். காயும் பயறுமாத் தின்னு, படி ஏற முடியாம, வகுப்புல தூங்கி மானம் போயி... எதுக்கு? வலது கண்ணிலும் இன்று எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது. அழுததால் இருக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

இன்று அவளும் என்னோடு பேக்கரிக்கு வந்தாள். "உங்களைச் சந்தேகப்பட்டு வரல. சும்மா பாக்கறேன்" என்று மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். வேலை முடியும்வரை வாயே திறக்கவில்லை. அவளுக்கு அது பெரிய காரியம்.

ஏப்ரனைக் கழற்றும்போது கேட்டாள்: "இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. நீதான் பாத்தியே."

"பாத்தேன். பன் வெந்ததும் ஓரத்துல கிள்ளி வாயில போட்டீங்க. கேக்குலயும் கிள்ளினீங்க. பாகு கரண்டியை நக்கினீங்க. க்ரீமை விரல்ல எடுத்து..."

"அது ருசி பாக்கறது" என்றேன்.

"வயித்துக்குள்ளதானே போகுது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நெட்டையன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது சாப்பாடு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சாப்பாடு என்றால் உட்கார்ந்து, தட்டில் போட்டு, கை கழுவிச் சாப்பிடுவது. ருசி பார்ப்பது வேலை. ஒவ்வொரு தட்டையும் வாயில் வைத்துப் பார்க்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்று சொல்லித்தான் என்னை அடுப்பில் விட்டார்கள். கை தானாகப் போகிறது, வாய் தானாகத் திறக்கிறது. இவ்வளவு நாளும் என்னைப் பாட வைத்தது வேலை இல்லை, பாகு.

பொய்ச் சத்தியம் பண்ணவில்லை என்பது ஒரு ஆறுதல்.

மார்ச் 20, வியாழன்

ருசி பார்க்காமல் ரொட்டியை வெளியே அனுப்ப முடியாது. நான் பார்க்கவும் கூடாது. நெட்டையன் எந்நேரமும் புகையிலை மெல்லுபவன், அவன் நாக்கு உதவாது. மாப்பிள்ளைக்கு எல்லாமே "சூப்பர் மாமா".

ஆகவே இன்று முதல் என் மனைவிதான் நாக்கு.

முதல் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன். நிதானமாக மென்றாள்.

"உப்பு பத்தல."

"எப்பவும் போடற அளவுதான்."

"எப்பவுமே பத்தாது."

கல்யாணமான நாளிலிருந்து நான் சுட்ட ரொட்டியைத்தான் தின்கிறாள்.

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

உப்பைக் கொஞ்சம் கூட்டினேன். மதியத்துக்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை அத்தைக்கும் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

மார்ச் 22

தலைவலி. கை நடுக்கம். யார் பேசினாலும் எரிச்சல். முதல் வாரத்தைவிட மோசம்.

"இன்னிக்குத்தான் பத்தியம் ஆரம்பிச்சிருக்குன்னு எழுதிக்கோங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். நர்ஸ் சொன்னபடியே செய்கிறேன்: தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு, மதியம் படுக்கை. வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்கிறேன், கை கிள்ளினாலும் வாய் திறக்காது.

மார்ச் 25

சோர்வுதான். ஆனால் நேற்றைய சோர்வு இல்லை. இது படுத்தால் எழுந்திருக்கிற சோர்வு.

மார்ச் 29, சனி

வகுப்பு மாடியில். நடுவில் நிற்காமல் ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் நிற்கவில்லை என்பதே ஞாபகம் வந்தது. கடைசிவரை தூங்கவில்லை. டீச்சரம்மா, "இன்னிக்குக் கச்சேரி இல்லையா ஐயா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

இறங்கிவிட்டது. டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். முதலில் இடது கண்.

நர்ஸ் என் மனைவியைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெயிட் போட்டிருக்கீங்களேம்மா" என்றாள்.

"வேலை அப்படி" என்றாள் இவள்.

ஏப்ரல் 21

நாளைக்கு. பயம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

எழுதலாம் என்று இன்று டாக்டர் அனுமதி கொடுத்தார்.

வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் நோட்டைத் திறந்தேன். கடைக்காரரைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியது தவறு. இந்த நோட்டில் கோடு இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும், இளநீலத்தில், மெல்லியதாக. என் எழுத்து அதைப் பொருட்படுத்தாமல் ஏறியும் இறங்கியும் போயிருக்கிறது. மார்ச் ஐந்தாம் தேதி வரிகள் தாளின் ஓரத்தில் சரிந்தே விழுகின்றன.

இதைக் கோட்டின் மேல் எழுதுகிறேன்.