ஊற்றாத வரிசை

இன்று காலை வாளியின் மூடியைத் திறந்ததும் சாத்துக்குடித் தோலும் மாதுளைத் தோலும் மூன்று நாள் ஊறிய புளித்த வாடை முகத்தில் அடித்தது. உங்கள் மாடியின் வாடை. நீங்கள் இறந்து இரண்டு கோடை ஆகிவிட்டது. இந்தத் தண்ணீரை இன்னும் முகம் சுளித்தபடிதான் கலக்குகிறேன்.

நம் மொட்டைமாடிகளுக்கு நடுவே இடுப்பளவுச் சுவர்தான். சிவகாசியின் சித்திரை வெயில் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் விழுந்தது. என் பக்கம் தொட்டிச் செம்பருத்தி பொசுங்கும். உங்கள் பக்கம் மிளகாய் பூத்து நிற்கும். என் வாசலில் தாவரவியல் பட்டத்தோடு பெயர்ப்பலகை. செடி வளர்க்க யோசனை கேட்கும் தெருப்பெண்கள் அதைக் கடந்துபோய் உங்கள் படியில் ஏறினார்கள்.

"என்ன டீச்சர், உங்க செடி பரீட்சைல பெயிலான புள்ள மாதிரி தலையத் தொங்கப்போட்டு நிக்கு?" என்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரரின் ஜூஸ் கடையிலிருந்து சாக்கில் தோல் வரும். அச்சகத்தில் நிறம் விலகிக் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களை விரித்து, அதன்மேல் தோலை நிழலில் உலர்த்தி, பிறகு வாளியில் ஊறவைத்துச் செடிக்கு ஊற்றுவீர்கள். விரிக்கும் தாளில் அருவிப் படம், மலைப் படம் மட்டும்.

"சாமி படம் வந்தா தனியா எடுத்து வச்சிருவேன் டீச்சர். அதுமேல தோலப் போட்டா நல்லாவா இருக்கும்?"

அந்த நல்ல குணம்கூட எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. "இந்தத் தண்ணியாலதான் செடி வெயில் தாங்குதுன்னு ஆதாரம் இல்லையே" என்றேன்.

"ஆதாரமெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஊத்துனேன், நிக்கு."

மகளின் பிரசவத்துக்கு மதுரை போகும்போது சாவியை என்னிடம் தந்தீர்கள். "மிளகா ரெண்டு வரிசைக்கும் காலைல தோல் தண்ணி ஒரு குவளை. மறந்துராதீக." நான் ஒரு வரிசைக்கு மட்டும் தோல் தண்ணீர் ஊற்றினேன், மற்றதற்கு வெறும் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஒப்பிட என் செடிகளே போதும். உங்களுடையது வாட வேண்டும், அவ்வளவுதான். பதினைந்து நாளில் வெறும் தண்ணீர் வரிசை சுருண்டது. மற்றது தளதளவென்று நின்றது.

திரும்பி வந்தீர்கள். "ரெண்டுக்கும் ஊத்துனீகளா டீச்சர்?"

"ஊத்துனேன்."

இரண்டு வரிசையின் இலைகளையும் தொட்டுப் பார்த்தீர்கள். "ஒரே தண்ணி. ஒண்ணு நிக்கு, ஒண்ணு கருகிருச்சு. அப்ப தண்ணில ஒண்ணுமில்ல. படிச்சவுக நீங்க, அன்னைக்கே சொன்னீக."

கோபமே இல்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்தீர்கள். கேட்டு வந்த பெண்களையும் "டீச்சர்ட்ட கேளுங்க" என்று என் பக்கம் அனுப்பினீர்கள்.

அடுத்த கோடையில் உங்கள் மிளகாயும் பொசுங்கியது. இன்று சொல்லிவிடலாம் என்று சுவரருகே எத்தனையோ காலை நின்றிருக்கிறேன். ஆவணியில் மாரடைப்பு வந்து நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது நான் ஊற்றுகிறேன். என் செடிகள் நிற்கின்றன. கேட்பவர்களிடம் உங்கள் முறை என்றே சொல்கிறேன். நடந்ததைச் சொன்னதில்லை.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. வருஷக்கணக்காகக் கண்ணெதிரே கண்டதை, என் ஒரு சொல்லுக்காக விட்டுவிட்டீர்கள். யாருடைய சொல்லையும் நான் அப்படி நம்பியதில்லை. நம்ப உங்களுக்குத் தெரிந்திருந்தது. இன்னும் எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.