பெட்டிக்குள் விழுந்த ஊக்கு

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஜோதி எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்களை டவர் எட்டாத பனிமலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். தப்பித்தவறி போன் வந்தாலும் நாலு வார்த்தைக்குள் கட்டாகிவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் இதில் எழுதிவிடுகிறேன். பாதியில் கோபப்பட்டு மடித்து வைத்துவிடாதீர்கள்.

நிலாவுக்குச் சளி விட்டுவிட்டது. அப்பாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டதற்கு, ஐஸ் மேல் நிற்கிற வேலை என்று சொல்லியிருக்கிறாள். அத்தைக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. ஒரகடம் ரோடு நீங்கள் பார்த்தபடியேதான். மழை பெய்தால் குட்டை, காய்ந்தால் புழுதி. அந்தப் புழுதியைக்கூட நான் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை. கம்பெனியில் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் லைனில் ஹெலிகாப்டரின் தரைக்கு அடியில் வரும் பெட்டியைச் செய்கிறோம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பைலட் கைப்பிடியை அசைத்தால், அந்த அசைவைக் கொண்டுபோகிற தண்டுகள் அந்தப் பெட்டிக்குள்தான் ஓடும். உள்ளே ஒரு ஆணி உதிரியாகக் கிடந்து தண்டில் சிக்கினாலும் கதை முடிந்தது. அதனால் வளையல், கம்மல், மெட்டி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாலியும்தான். மற்ற பெண்கள் கழற்றிவிடுவார்கள். பெட்டிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற யதுகிரி அக்காகூட தினமும் கண்ணில் ஒற்றி, கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு வருவார்.

நான்தான் கழற்றவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது அத்தை பிடித்த பிடி உங்களுக்குத் தெரியாது. "என் புள்ள பனியில நின்னுகினு கீறான், நீ அதக் கழட்டிப் பொட்டில போடுவியா?" என்று ரெண்டு நாள் சோறு தின்னவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான், பொய் சொல்வானேன். சூப்பர்வைசர் ஹேமந்த் சாரிடம் போய் அழுதேன். அவர் நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் பார்டரில் இருக்கிறார் என்றதும் இளகிவிட்டார். "டேப் சுத்தி கோட்டுக்குள்ள போட்டுக்கோம்மா, யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றார். ஷிப்டு முடிந்ததும் ஒவ்வொரு கருவியையும் எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் எங்களை வெளியே விடுவார்கள். என் கோட்டுக்குள் கிடப்பதை யார் எண்ணப்போகிறார்கள்?

தாலிச்சரட்டில் நான் எப்போதும் ஒரு ஊக்கு மாட்டியிருப்பேனே, புடவைக்கு, நிலாவின் யூனிபார்முக்கு என்று எதற்காவது ஆகுமென்று. போன திங்கட்கிழமை காலை குளிக்கும்போது பார்க்கிறேன், அது இல்லை. முந்தின நாள் முழுக்க ஓவர்டைம். வேர்வையில் டேப் பிசுபிசுத்துக் கிளம்பியிருந்தது தெரியும், ஒட்டிக்கொள்ளலாம் என்று அசட்டையாக விட்டுவிட்டேன். கால் மரத்துப்போய், கண் சொருகிக்கொண்டு, அந்தப் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டு ரிவிட் அடித்துக்கொண்டிருந்தேன். அதை அன்று சாயங்காலமே மூடி, யதுகிரி அக்கா கையெழுத்தும் போட்டாயிற்று. திங்கட்கிழமை லாரியில் ஏற வேண்டியது.

ஈரத்தலையோடு வீடு முழுக்கத் தேடினேன். பாய், தலையணை, கழற்றிப்போட்ட துணி எல்லாவற்றையும் உதறிப் பார்த்தேன். இல்லை. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபோது, ரோட்டில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் என் வேலை போகும். அதைவிட, இரக்கப்பட்டு விட்ட பாவத்துக்கு ஹேமந்த் சார் தலை உருளும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. யாருக்கும் தெரியாமலே அந்த ஊக்கு பெட்டியோடு ஒருநாள் மேலே பறக்கும்.

கார்த்திகைக்கு லீவு கிடைத்தால் ஹெலிகாப்டரில்தான் கீழே இறக்குவார்கள் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டி உங்கள் பக்கம் வராது, வேறு எங்கேயோ போகிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதில் ஏறுகிறவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள் இல்லையா? கம்பெனி கேட்டிலேயே யதுகிரி அக்காவைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. நேரே லாரியை நிறுத்தப் போனார்.

ஹேமந்த் சார் முதலில் நம்பவில்லை. "பஸ்ல விழுந்துருக்கும்மா, ஒரு ஊக்குக்காக மூடுன பெட்டியப் பிரிக்கச் சொல்றியா?" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். பிரித்தார்கள். மத்தியானம்வரை நான் ஓரமாக நின்றேன், உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை. கடைசியில் ஒயர் முனையில் கேமரா வைத்து உள்ளே விட்டுப் பார்த்தபோது, ஒரு தண்டின் மூட்டுக்குப் பக்கத்தில், வாய் திறந்தபடி கிடந்தது. டி.வி.யில் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு அங்கேயே வாந்தி வந்துவிட்டது.

இப்போது விசாரணை. புதன்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஹேமந்த் சாரையும். நான் மறைத்துப் போட்டுக்கொண்டு போனேன், அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவரே போன் செய்து, "நான் அலோ பண்ணேன்னு உள்ளதையே சொல்லும்மா" என்றுவிட்டார். அந்த மனிதருக்கு ரெண்டு பெண் குழந்தைகள். பெட்டியைப் பிரித்ததில் வீணான அந்த நாளைச் சரிக்கட்ட எங்கள் லைனுக்கு இந்த ஞாயிறும் டூட்டி. என்னோடு பஸ்ஸில் வருகிற பெண்கள் போன் எடுப்பதில்லை. யதுகிரி அக்கா மட்டும் ஒரு தடவை எடுத்து, "சொன்னியே, போதும். மேல ஒண்ணும் கேக்காத" என்று வைத்துவிட்டார். எனக்கு அலுத்துவிட்டது மாமா. நல்லது செய்ததற்கா கெட்டது செய்ததற்கா, எதற்கு அழுவது என்றே புரியவில்லை.

அத்தையிடம் மறைக்கவில்லை. உட்கார்த்திவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஆட்டம் ஆடுவார் என்று நினைத்தேன். ஆனால், வெறும் மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். நூல்கூடக் கூடாது அத்தை என்றேன். "அப்போ கழட்டியே வெச்சிட்டுப் போ. எங்கயோ இன்னொருத்தி புள்ளையும் அதுல தான போறான். என் புள்ள முழுசா வந்தா போதும்" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். உங்கள் அம்மா அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டால், தாலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். நீங்கள் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொள்ளாவிட்டால் படப்பையில் ஏதாவது கடையில் நின்றாவது பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நேற்று குன்றத்தூர் மலைக்குப் போனேன். முருகன் முன்னால் அர்ச்சனைக்குப் பேர் கேட்டபோது உங்கள் பேர் வாயில் வரவில்லை. உங்களைக் கீழே கொண்டுவரப்போகிற ஹெலிகாப்டரின் பெட்டியையும் எங்கேயோ ஒருத்தி செய்திருப்பாள். அவளும் என்னைப் போல் ஓவர்டைம் பார்த்துக் கால் கடுக்க நின்றிருப்பாள். அவள் கையிலிருந்து எதுவும் தவறியிருக்கக் கூடாது. தவறியிருந்தால், பயந்துகொண்டே ஆனாலும், அவள் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். பேர் தெரியாத அவளுக்குத்தான் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன் மாமா.

உங்கள்,
ஜோதி