மாப்பிள்ளை செல்

பிப்ரவரி 11

என் அருமைக் கோப்புக்காரிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. திட்டாதே. குட்டியைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பியதிலிருந்து பாதி மூளைதான் என்னோடு வேலைக்கு வருகிறது. போன் அடித்தாலே காய்ச்சலோ, விழுந்துவிட்டாளோ என்று ஓடுகிறேன். நேற்று அப்படி ஓடிப்போய் எடுத்தால், கடன் அட்டை வேண்டுமா என்று ஒரு வங்கிப் பெண். அவளை அழவைக்காத குறை.

நீ கேட்டதற்கு வருகிறேன். எங்கள் உப்பு பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்குவதைத் தாங்கும் என்றாயே? நாலாயிரம்! விலை கூடிய உலோகம் எதுவும் கிடையாது. உப்பும் மரத்தூள் கரியும்தான். சட்டைப் பொத்தான் அளவில் நானே கையால் செய்த பேட்டரி செல். குட்டி வயிற்றில் வருவதற்கு முன்னால் சோதனையில் ஓடவிட்டது, இன்னும் ஓடுகிறது. இங்கே அதற்கு மாப்பிள்ளை என்று பேர். எங்களுக்கெல்லாம் மின்விசிறி, அதற்கு மட்டும் தனிக் குளிர்பெட்டி. "மாப்பிள்ளை நல்லா இருக்காரா? சாப்பிட்டாரா?" என்று விசாரித்துக்கொண்டேதான் மேலாளர் உள்ளே நுழைவார்.

அமைச்சகத்தில் துணைச் செயலராக உட்கார்ந்து பேட்டரிக் கொள்கை எழுதுகிறவள் நீயாக இருக்கும்போது எனக்கு என்ன பயம்?

உன்
கரிக்கட்டை


மார்ச் 3

அடி கரிக்கட்டை,

கடைசியில் எழுதிவிட்டாயே, அதுவரைக்கும் சந்தோஷம். நீ சொன்ன நாலாயிரத்தையே வரைவில் வைத்துவிட்டேன். அத்தனை தடவை தாங்கும் செல்லுக்குத்தான் அரசு மானியம். வெளிநாட்டிலிருந்து குப்பையை இறக்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்கள் உள்ளே வரக் கூடாது. உன் வாசலுக்கென்றே அளவெடுத்துச் செய்த கதவு என்று வைத்துக்கொள்.

"இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் செயலர். "செய்றவங்ககிட்டயே கேட்டுட்டேன் சார்" என்றேன். தலையாட்டிவிட்டார்.

வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். உன் எண் இருக்கும் ஏழாம் பக்கத்தையாவது படி. அரசிதழில் ஏறிய பிறகு என்னால் ஒரு புள்ளியைக்கூட நகர்த்த முடியாது.

குட்டியின் இரண்டு கன்னத்திலும் என் கணக்கில் முத்தம்.

கோப்பு


மார்ச் 29

அன்புக் கோப்புக்கு,

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். குட்டிக்கு நெஞ்சுச் சளி, மூச்சு இழுத்தது. இன்று பரவாயில்லை, நர்ஸின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். நான்தான் இன்னும் தேறவில்லை. அவள் தூங்கினால் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன்.

உன் வரைவு உறையோடு பையில் கிடக்கிறது. நீ எழுதியதை நான் சரிபார்க்கவா? கல்லூரியில் என் அறிக்கைக்கே நீதானே பிழை திருத்தினாய். "வரைவு வந்திருக்காமே, நாம ஏதாவது எழுதணுமாம்மா?" என்று மேலாளர் போனில் கேட்டார். "நம்ம ஆள்தான் சார் எழுதுறா, கவலையே படாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் வருகிறார்.

கரி


ஆகஸ்ட் 20

கோப்பு,

அரசிதழைப் பார்த்தேன். நாலாயிரம் அப்படியே ஏறிவிட்டது.

நாலாயிரம் தாங்கியது மாப்பிள்ளை ஒருவர்தானடி. கையால் செய்து, குளிர்பெட்டியில் வைத்துச் சீராட்டியவர். இயந்திரத்தில் செய்து வந்த செல்களை மச்சான்கள் என்போம். நான் உனக்கு எழுதியபோது அவை ஆயிரத்தைத்தான் தாண்டியிருந்தன. இப்போது ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. இரண்டாயிரத்தை ஒட்டியே எல்லாம் நின்றுபோயின. தெருவிளக்குக்கு அது தாராளம். உன் மானியத்துக்குப் போதாது.

உன் கதவுக்குள் நுழைந்தது யார் தெரியுமா? நீ வரக் கூடாது என்றாயே, அந்த ஸ்டிக்கர் நிறுவனம். குப்பையை இல்லை, நல்ல சரக்கையே இறக்குகிறார்கள். நாலாயிரம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மானியம் இல்லாவிட்டால் எங்கள் பிரிவை மூடிவிடுவார்களாம். மேலாளர் "குழந்தை நல்லா இருக்காளாம்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஏதாவது செய்யடி.


செப்டம்பர் 2

கரி,

கையால் செய்தது என்று எழுதியிருந்தாய், நானும் படித்தேன். ஒன்றே ஒன்றுதான் என்று உறைக்கவில்லை. கதவுக்கு உயரம் கேட்டால் நீ முக்காலி மேல் ஏறி நின்று கொடுத்திருக்கிறாய். நானாவது குனிந்து உன் காலைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு வரி வந்திருந்தால் மாற்றியிருப்பேன். அந்த நிறுவனம் பதினொரு பக்கம் எழுதியது. உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. உன் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இனி மூன்று வருஷம் கழித்துத்தான் மறுபரிசீலனை. சிநேகிதி சொன்ன எண் என்று செயலர் முன்னால் போய் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை.

திட்டியாவது எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

கோப்பு


ஜனவரி 17

மதிப்பிற்குரிய துணைச் செயலர் அவர்களுக்கு,

பேட்டரிக் கொள்கை, ஏழாம் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சத் தகுதி குறித்து: ஆய்வகத்தில் கையால் செய்த ஒரு செல்லின் முடிவை உற்பத்திக்கு அளவுகோலாக வைப்பது பொருந்தாது. இயந்திரத்தில் செய்த பல செல்களின் சராசரியையே கேட்க வேண்டும். எந்த வேலைக்கு எத்தனை தடவை போதும் என்பதைத் தனித்தனியாக வரையறுக்க வேண்டும். மறுபரிசீலனையின்போது கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச்சில் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இவ்வளவுதான். அந்த வராந்தாவில் எனக்கு நேரம் இருந்தது. உறையைப் பிரிக்கத்தான் தோன்றவில்லை.

எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். கடைசி நாள் மாப்பிள்ளையின் இணைப்பை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. "நீயே அனுப்பி வைச்சிடும்மா" என்றார் மேலாளர். எடுத்தேன். அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது அந்த ஸ்டிக்கர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வந்து இறங்கும் பெட்டிகளைச் சோதித்து, நாலாயிரம் தாங்கும் என்று முத்திரை குத்துகிறேன். உள்ளே இருப்பது யார் கை செய்ததோ, வெளியே இருப்பது என் எண். வாங்குகிற சம்பளத்தில் குறை இல்லை, காப்பகமும் பக்கத்திலேயே.

குட்டி ஓடத் தொடங்கிவிட்டாள். இதைத் தங்களுக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை.

இனி எந்த எண் தேவைப்பட்டாலும் நிறுவனத்துக்கு முறைப்படி எழுதிக் கேளுங்கள். என்னைக் கேட்க வேண்டாம். தாங்கள் கேட்டால் நான் மறுபடியும் பெருமை பேசிவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
தர ஆய்வாளர்